கத்தரிக்கோலும் பசையும் ஊசியும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

"விடுமுறையில் என்ன செய்கிறாய்?" என்று கேட்பவர்களிடம், "புத்தகம் செய்கிறேன்" என்று சொன்னால் முதலில் யாருக்கும் விளங்குவதில்லை. "புத்தகம் எழுதுகிறாயா? பலே!" என்கிறார்கள். "எழுதவில்லை, செய்கிறேன். தாளை மடித்து, தைத்து, அட்டை கட்டி, உள்ளே படமும் எழுத்தும் துணியும் ஒட்டி..." என்று விளக்கத் தொடங்கியதும் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. "ஓகோ, கைவேலை வகுப்பா!" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

மடிப்பதும் ஒட்டுவதும் தொடக்கப் பள்ளியோடு முடிந்துபோக வேண்டிய வேலை என்பது நம்மில் பலருடைய எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அத்துடன், இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டு நான் செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பிழையிலிருந்து பிறந்த வேண்டுகோள் ஒன்றும் நம் கல்லூரிக்கு உண்டு.

ஒட்டுவதும் கலையே!

ஓவியம் என்றால் வண்ணமும் தூரிகையும். சிற்பம் என்றால் கல்லும் உளியும். இப்படிப் பிரித்து வைத்தே நாம் பழகிவிட்டோம். வண்ணம், தாள், துணி, நூல், அச்செழுத்து, உலர்ந்த இலை என்று பல பொருள்களை ஒரே படைப்பில் சேர்ப்பதைக் கலப்பு ஊடகக் கலை என்கிறார்கள். மேலைநாட்டு ஓவியத்தில் இதற்குப் பெரிய திருப்பத்தைத் தந்தவர் பிக்காசோ. 1912இல் அவர் ஒரு படத்தில் பிரம்பு நாற்காலியின் பின்னலை வரையவில்லை. அந்தப் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த் துணியை அப்படியே ஒட்டினார். படத்தைச் சுற்றிக் கயிற்றையே சட்டமாக வைத்தார். ஜெர்மனியின் கர்ட் ஷ்விட்டர்ஸ் அதற்கும் ஒரு படி மேலே போனார். முதல் உலகப் போர் முடிந்த காலம். தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகள், உறைகள், கிழிந்த விளம்பரத் தாள்கள் ஆகியவற்றைப் பொறுக்கி ஒட்டிப் படமாக்கினார். ஒரு விளம்பரத்தில் 'கொம்மெர்ட்ஸ்' என்ற வங்கிப் பெயரை வெட்டியபோது எஞ்சிய 'மெர்ட்ஸ்' என்ற துண்டையே தம் கலைக்கு 1919இல் பெயராக வைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டு, "அது ஐரோப்பியர் சங்கதி, நமக்கெதற்கு?" என்று சொல்லிவிட வேண்டாம். தஞ்சாவூர் ஓவியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மரப் பலகை; அதன்மேல் ஒட்டிய துணி; சுண்ணாம்புத் தூளும் கோந்தும் சேர்த்த மக்கினால் எழுப்பிய புடைப்பு; கண்ணாடிக் கற்கள்; தங்க ரேக்கு; இவை எல்லாவற்றுக்கும் பிறகே வண்ணம். அதை ஆக்கியவர்கள் யாரும் 'கலப்பு ஊடகம்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் பல பொருள்களை ஒரு பலகையில் இணங்கவைக்கும் திறன் அவர்கள் கையில் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? என் அத்தையிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. புள்ளிக் கோலங்களை அவரே பேனாவால் போட்டிருக்கிறார். வார இதழ்களில் வந்தவற்றை வெட்டி ஒட்டியிருக்கிறார். நடுவே ஒரு பக்கத்தில் ஊறுகாய்க்கு உப்பு அளவு. இன்னொரு பக்கத்தில் பட்டுப்புடவைக் கரையின் நூல் நான்கு. அட்டை கிழிந்தபோது பழைய நாட்காட்டியின் முருகன் படத்தை மேலட்டையாகத் தைத்துக்கொண்டார். அவரைக் கலைஞர் என்று யாரும் அழைத்ததில்லை. எனக்கு அந்த நோட்டுதான் முதல் பாடநூல்.

கையெழுத்துப் பத்திரிகைகளையும் இங்கே நினைக்க வேண்டும். தமிழில் பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர் பலர் இளமையில் நண்பர்களோடு ஒரே ஒரு படி மட்டும் கையால் எழுதி, படம் வரைந்து, தைத்து, வீடு வீடாகச் சுற்றவிட்டவர்களே. ஒரு படியை நாற்பது பேர் படித்தார்கள். இன்று நாற்பது பேருக்கு நாற்பது படி அனுப்புவது ஒரு நொடி வேலை. அனுப்பியதைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

மூன்று துளைகளில் ஒரு நூல்

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஐந்து தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். இருபது பக்கம் கிடைத்துவிட்டது. மடிப்பின்மேல் குத்தூசியால் மூன்று துளைகள் இடுங்கள். மெழுகுவர்த்தியில் இழுத்த நூலை ஊசியில் கோத்து, உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள். நடுத்துளையைத் தாண்டிப்போய் அடித்துளை வழியாக வெளியேறுங்கள். மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே வந்து, நீண்டு கிடக்கும் நூலுக்கு இருபுறமும் இரு முனைகளும் நிற்க முடிச்சிடுங்கள். ஒரு சிறு நூல் பிறந்துவிட்டது! இப்படி மடித்த கட்டுகள் பலவற்றை ஒன்றோடொன்று தைத்தால் பெரிய புத்தகம்.

நான் செய்த முதல் புத்தகம் மறுநாள் காலையில் பொரித்த அப்பளம் போல் வளைந்து கிடந்தது. காரணம் தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பைண்டிங் செய்யும் பெரியவரிடம் போனேன். அவர் அதை ஒரு கையால் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மரத்துக்கு ரேகை இருக்குதுல்ல தம்பி? தாளுக்கும் இருக்குது. அதுக்குக் குறுக்கே போனா அது உன்கூட மல்லுக்கு நிக்கும்" என்றார்.

ஒரு செய்தித்தாளை எடுத்து நீளவாக்கில் கிழித்தார், நேராகக் கிழிந்தது. குறுக்குவாக்கில் கிழித்தார்; கோணல்மாணலாகப் போயிற்று. இயந்திரத்தில் தாள் ஓடும்போது மரக்கூழின் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் நீள்வதில்லை, பருமனில்தான் உப்புகிறது. ஆகவே தாளின் ரேகையும் அட்டையின் ரேகையும் புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அந்தப் பக்கமாக இழுக்கும். மறுபக்கமும் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். இயற்பியல் வகுப்பில் விசைகளின் சமநிலையைப் படித்தபோது தேர்வுக்காகப் படித்தேன். அன்று அந்தக் கடையின் மரப் பலகையில் அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

பசையும் அவரிடம் கற்றதுதான். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமல் இருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது. துத்தம் நஞ்சு என்பதால் அந்தப் பாத்திரம் அடுக்களைப் பக்கமே போகக்கூடாது. "நான் ஃபெவிகாலில் ஒட்டுகிறேன், சுலபமாக இருக்கிறது" என்றேன். "சுலபந்தான். ஒட்டினதைப் பிரிக்கணும்னு ஒருநாள் வரும், அப்பத் தெரியும்" என்றார். அந்த நாள் இவ்வளவு விரைவில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இதனால் என்ன பயன்?

நண்பர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. "எனக்குப் படம் வரைய வராதே?" என்பது முதலாவது. வரையத் தெரியாதவர்களுக்கென்றே பிறந்த கலை இது எனலாம். எதை எதன் அருகில் வைப்பது என்று பார்க்கத் தெரிந்தால் தொடங்கலாம். "செலவு ஆகுமே?" என்பது இரண்டாவது. ஊசி, நூல், மெழுகு, மாவு. அட்டைக்குப் பழைய திருமண அழைப்பிதழ். மேலுறைக்குத் தையற்கடைத் துணித் துண்டு. ஒரு திரைப்படத்திற்கு ஆகும் செலவில் பல மாதங்கள் ஓட்டலாம்.

"இதனால் என்ன பயன்?" என்ற மூன்றாவது கேள்விதான் கனமானது. வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். செய்முறை ஏட்டின் படங்களைக் காசு கொடுத்து வெளியில் வரையச் செய்து, தம் பெயரை எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இல்லையா? ஒரு தவளையின் குடலை நாமே கோணலாக வரைவது வெட்கம். பிறர் வரைந்ததை நம்முடையது என்பது வெட்கமில்லை! கை கற்க மறந்த இடத்தில் இப்படிப்பட்ட தலைகீழ் மதிப்பீடுகள் முளைத்துவிடுகின்றன. தானே தைத்த கோணல் புத்தகத்தைப் பத்துப் பேர் முன் எடுத்துக் காட்டத் துணிந்தவன், தன் கோணல் தவளையையும் துணிந்து காட்டுவான்.

என் கத்தரி செய்த பிழை

இனி, ஒப்புக்கொள்ள வேண்டியதற்கு வருகிறேன்.

பழைய தாள்களுக்காக நான் அடிக்கடி போவது எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடை. சென்ற ஆண்டு அங்கே சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் பேரேடு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் 'லாபம்' என்ற சொல்லும்; மூலைகளில் மங்கிய மஞ்சள் தடவல்; உள்ளே பழுப்பேறிய மையில் வளைந்து வளைந்து ஓடும் எழுத்து. எழுத்தின் அழகில் மயங்கினேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. நடுப் பக்கங்கள் சிலவற்றில் எழுத்து நெருக்கமாக இருந்தது. அவற்றை இதழ் இதழாக வெட்டி, நீல வண்ணம் பூசிய அட்டையில் ஒரு பெரிய தாமரையாக ஒட்டினேன். நான் செய்தவற்றிலேயே அழகானது அதுதான்.

துறையில் அதைப் பார்த்த எங்கள் பேராசிரியர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓர் இதழின் அருகே குனிந்தார்.

"தம்பி, இதில் அணாவும் நயா பைசாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே. இதற்கு அடுத்த பக்கம் எங்கே?"

அடுத்த பக்கம் இன்னோர் இதழாகியிருந்தது. ஓரங்கள் குப்பைக்குப் போயிருந்தன.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் நம் நாட்டில் தசம நாணய முறை வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய், நூறு நயா பைசா என்றாயிற்று. ஓரணா என்பது 6¼ நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அப்படியானால் ஓரணா உப்பு வாங்கியவரிடம் கடைக்காரர் ஆறு வாங்கினாரா, ஏழு வாங்கினாரா? அந்தக் கால் பைசா நாள்தோறும் யார் பக்கம் போயிற்று? அரசின் அறிவிப்புகள் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். ஆனால் ஒரு சிறு பலசரக்குக் கடையின் கல்லாவில் உண்மையில் நடந்தது என்ன என்பதை அந்தக் கடையின் பேரேடுதான் சொல்லும். அதைச் சொல்லியிருக்கக்கூடிய பக்கங்களை நான் பூவாக வெட்டியிருந்தேன்.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "வரலாற்று மாணவன் நீயே படிக்காமல் வெட்டினால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இதழ்களையாவது பிரித்தெடுக்கலாம் என்று பைண்டரிடம் ஓடினேன். "எதுல ஒட்டினே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. மைதாப் பசையானால் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு மெல்ல எடுத்துப் பார்த்திருக்கலாம். ஃபெவிகால் உலர்ந்தபின் விடுவதில்லை.

எதை வெட்டலாம்? எதை வெட்டக் கூடாது?

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த வரலாறு நமக்குத் தெரியும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்ட குடும்பங்களைப் பற்றி அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, 'எவ்வளவு அறியாமை!' என்று நானும் நொந்துகொண்டேன். அவர்களாவது புனிதம் என்று கருதி ஆற்றில் விட்டார்கள். நான் அழகாக இருக்கிறது என்று வெட்டினேன். இருவரும் செய்தது ஒன்றே: படித்துப் பார்க்காமல் விட்டது.

அப்படியானால் பழைய புத்தகத்தைக் கலைக்குப் பயன்படுத்தவே கூடாதா? அதுவும் சரியன்று. இங்கிலாந்தின் டாம் ஃபிலிப்ஸ் என்ற ஓவியர் 1966இல் பழைய கடை ஒன்றில் மூன்று பென்ஸுக்கு ஒரு நாவல் வாங்கினார். 1892இல் மாலக் என்பவர் எழுதி வெளிவந்த கதை அது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் வண்ணத்தாலும் கோடுகளாலும் ஒட்டுத் துண்டுகளாலும் மூடி, அங்கங்கே சில சொற்களை மட்டும் தெரியவிட்டுப் புதியதொரு நூலாக்கினார். ஒருமுறை செய்து நிறுத்தவில்லை. மீண்டும் மீண்டும் பக்கங்களை மாற்றி, இறுதிப் பதிப்பை 2016இல் வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகள்! ஆனால் அவர் கைவைத்தது அச்சான நாவல். அவர் பூசிய படிக்கு வெளியே வேறு படிகள் உலகில் இருந்தன. மாலக்கின் கதையைப் படிக்க விரும்புபவர் இன்றும் படிக்கலாம். என் பேரேட்டுக்கு வேறு படி கிடையாது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இதிலிருந்து எனக்கு நானே விதித்துக்கொண்ட விதிகள் சில. இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்பும் நண்பர்களுக்கும் அவை உதவலாம்.

முதலாவது, கையால் எழுதிய எதையும் வெட்டுவதில்லை. கடிதமானாலும் கணக்கானாலும் அதற்கு ஒரே படிதான் உண்டு.

இரண்டாவது, அச்சிட்டதானாலும் உள்ளூர்ச் சிற்றச்சானால் இருமுறை யோசிப்பது. திருவிழா நோட்டீசு, நாடகத் துண்டறிக்கை, சங்கத்தின் ஆண்டறிக்கை ஆகியவை சில நூறு அச்சாகி, நம் கையில் இருப்பது கடைசிப் படியாகவும் இருக்கலாம். அதன் வடிவழகு வேண்டுமென்றால் படியெடுத்து, அந்தப் படியை வெட்டலாம். கைப்பேசியில் படம் பிடிப்பது எல்லோருக்கும் இயலும் இந்நாளில் இதில் தடை ஏதுமில்லை.

மூன்றாவது, வெட்டும் முன் படிப்பது. எதையும், முழுவதும்.

நான்காவது, பிரிக்கக்கூடிய பசையால் ஒட்டுவது. என் கருத்தே முடிவானதன்று என்று ஒத்துக்கொள்வதற்கு மைதாப் பசை நல்லதோர் அடையாளம்.

நூலகப் புத்தகத்தில் பிளேடு வைப்பதைப் பற்றி விதி எதுவும் எழுதவில்லை. தேர்வுக்கு வேண்டிய நான்கு பக்கங்களை அறுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருபவர்களுக்கும் கலைக்கும் தொடர்பில்லை.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

கட்டுக் குலைந்த புத்தகங்களைக் கணக்கிலிருந்து நீக்கி எடைக்குப் போடுவது எல்லா நூலகங்களிலும் உள்ள நடைமுறை. அதில் விதிகளும் தணிக்கையும் உண்டு என்பதை அறிவேன். அந்த விதிகளை மீறும்படி கேட்கவில்லை. எடைபோடும் முன், அந்தப் புத்தகங்களை ஒரு மேசையில் மூன்று நாள் பரப்பி வையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். ஓர் ஆசிரியரும் ஆர்வமுள்ள மாணவர் சிலரும் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். தைத்தால் பிழைக்கும் புத்தகங்களை நாங்கள் தைத்துத் தருகிறோம். ஊரில் பைண்டிங் தெரிந்த பெரியவர் ஒருவரை இரண்டு சனிக்கிழமை அழைத்தால், அந்த வேலை எங்களுக்குப் பிடிபட்டுவிடும். அரிய படி என்று தெரிந்தால் அது அலமாரிக்கே திரும்பட்டும். ஒரே வழிகாட்டி நூலின் பழைய பதிப்பு பத்துப் படி இருந்தால், முறைப்படி அனுமதி பெற்று அவற்றை எங்கள் கத்தரிக்குத் தாருங்கள்.

இன்னொன்று. துறைக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஒரு கையெழுத்து மலர் வெளிவரட்டும். ஒரே படி, மாணவரே எழுதி, ஒட்டி, தைத்தது. அது நூலகத்தில் இருக்கட்டும். இதற்குப் போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். சான்றிதழ் வந்த மறுநாளே இதையும் காசுக்குச் செய்து கொடுக்க வெளியே ஒரு கடை திறந்துவிடும்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பார் சிலர். நேரம் இல்லாதது உண்மைதான். மாலையில் வேலைக்குப் போகும் மாணவர்களும், இரண்டு பேருந்து மாறி வீடு சேரும் மாணவிகளும் நம்மில் நிறைய. அவர்களுக்கு மடித்த தாள் ஐந்தும் ஊசி ஒன்றும் பையில் இடம் அடைக்காது என்பதைத்தான் சொல்ல முடியும். என் முதல் நான்கு புத்தகங்கள் பேருந்து நிலையத்தில் தைத்தவை.

அந்தப் பேரேடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எஞ்சிய பக்கங்களைப் பைண்டர் ஐயாவின் உதவியோடு மீண்டும் தைத்தேன். இழந்த ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு வெற்றுத் தாள் வைத்தேன். தாமரையில் தெரிகிற வரிகளை எழுத்தெண்ணிப் படித்து, அந்த வெற்றுத் தாள்களில் உரிய இடத்தில் பென்சிலால் எழுதினேன். 43 வரிகள் தேறின. பழைய சிவப்புத் துணியையே அட்டைக்குப் போட்டோம். இப்போது அது எங்கள் துறை அலமாரியில், தாமரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கால் பைசா யாருக்குப் போயிற்று என்பது அந்த 43 வரிகளில் இல்லை.

அலமாரிச் சாவி துறை அலுவலகத்தில் கிடைக்கும். வந்து பாருங்கள். வரும்போது மடித்த தாள் ஐந்து கொண்டுவாருங்கள். ஊசியும் நூலும் நான் தருகிறேன்.